மலையில் கேட்ட மசலா

நாம் பணியாற்றும் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவியரைச் சென்ற குளிர்காலத்தில் ஏலகிரி மலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மலையேறும் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தனர். "உமறுப் புலவருக்கு ஒரு வளைவு இல்லையா, ஹஜ்ரத்?" என்றாள் ஒருத்தி. "வளைவுகள் தீர்ந்துவிட்டன, அம்மா" என்றோம். வண்டி முழுவதும் சிரிப்பொலி எழுந்தது.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அத்தனாவூரில் இறங்கியதும், அங்கே ஒரு வீட்டார் தம் கிணற்று நீரைக் குடிக்கக் கொடுத்தனர். பிள்ளைகள் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். அப்போது, எப்போதும் கடைசி வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி, "ஹஜ்ரத், இங்கே கிணற்று நீர் இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே, கீழே நம் தெருக் கிணறு மட்டும் ஏன் உப்புக் கரிக்கிறது? நாம் ஏன் கேன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம்?" என்று கேட்டாள்.

"நிலத்தின் வாகு அம்மா. எல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாடு" என்றோம் நாம்.

நாம் சொன்ன இரண்டும் பொய்யல்ல. ஆயினும் அவள் கேட்ட கேள்விக்கு அவை விடையுமல்ல. அந்தப் பெண்ணின் தந்தையார் ஒரு டேனரியில் தோல்களை ஊறவைக்கும் பகுதியில் வேலை பார்ப்பவர். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளின் பாட்டனாருக்குச் சொந்தமாக ஒரு டேனரி இருக்கிறது. இரண்டையும் நாம் அறிவோம். அறிந்ததனாலேயே அவ்வாறு விடை சொன்னோம். இதில் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய வாரந்தான் ஆசிரியர் கூட்டம் ஒன்றில், "மாணவர்க்கு ஆய்ந்து சிந்திக்கக் கற்பித்தல்" என்னும் பொருளில் அரைமணி நேரம் முழங்கிக் கைத்தட்டலும் பெற்றிருந்தோம்.

ஆய்ந்து சிந்தித்தல் என்னும் சொல் இப்போது கல்வியுலகில் எங்கும் ஒலிக்கிறது. 2020இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை அதை வற்புறுத்துகிறது. 2018 முதல் படிப்படியாக வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் அதற்கு இடம் உண்டு. தமிழ்ப் பாடநூலில் இயலின் இறுதியில் "சிந்தனை வினா" என்றொரு தலைப்பைக் காணலாம். மாணவர் தாமே எண்ணி விடை எழுத வேண்டும் என்பது நூலாசிரியர்களின் நோக்கம். நல்ல நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைவீதிக்குச் சென்று உரைநூல் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். சிந்தனை வினாவுக்கும் அங்கே அச்சிட்ட விடை இருக்கும். நம் பிள்ளைகள் அந்தச் சிந்தனையையும் மனனம் செய்து, பிழையின்றி எழுதி, முழு மதிப்பெண் பெறுகிறார்கள். சிந்தனையை மனனம் செய்யும் விந்தையை வேறெந்த நாட்டில் காண்போமோ அறியோம்!

குறை உரைநூலார்மேல் மட்டும் இல்லை. அந்த வினாக்களிலேயே ஒரு குறை இருக்கிறது. அவை பெரும்பாலும் யாரையும் சுடாத வினாக்கள். மரம் வளர்ப்பதன் பயன் யாது, முதியோரை எவ்வாறு பேணுவாய் என்பன போன்றவற்றுக்கு விடை வினாவிலேயே அடங்கிக் கிடக்கிறது. மாறுபட்ட விடை சொல்ல எவருக்கும் மனம் வராது. அத்தனாவூரில் அந்தப் பெண் கேட்டது அத்தகையதன்று. அதற்கு விடை தேடப் புகுந்தால் அவள் வீட்டு அடுப்பங்கரை வரையிலும், நம் பள்ளிக் கட்டடத்தின் அடிக்கல் வரையிலும் போக வேண்டியிருக்கும்.

நம் இலக்கியத்துக்கு வருவோம். இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா, 1572இல் அரங்கேறியது. நம் மாநாடுகளில் இந்நூலின் பெயரைச் சொல்லாத சொற்பொழிவாளர் இல்லை. சொல்வதெல்லாம் அதன் பழமையைத்தான். அது எத்தகைய நூல் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மசலா என்றால் கேள்வி. யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம், தம் கல்வியின் துணைகொண்டு கேள்விகளைத் திரட்டிவந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கிறார். அரபியில் பிறந்து பாரசீகம், மலாய், ஜாவானியம் எனப் பல மொழிகளில் உலவிய கதை இது. நம் முன்னோர் தமிழில் பாடிவைத்த நெடுநூல்களில் நமக்குக் கிடைத்த முதலாவது, கேள்வி கேட்பவர் ஒருவரை நடுநாயகமாகக் கொண்டது. கேட்டவர் வெளியார், சோதித்துப் பார்க்கவே வந்தவர். அவரை எவரும் அதட்டி உட்கார வைக்கவில்லை.

இவ்வளவும் பெருமைக்குரியதே. எனினும் திறனாய்வு என்று வந்தபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதை மரபில் கேட்பவர் விடையைப் பெற்றதும் "உண்மை உரைத்தீர்" என்று ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். விடையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அதற்குச் சான்று கேட்பதுமில்லை. விடையளிப்பவர் நபியாக இருக்கையில் அது பொருத்தமே. ஆனால் அதே முறையை மத்ரஸாவிலும் பள்ளியிலும் ஆசிரியராகிய நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். மாணவர் கேட்பார், நாம் சொல்வோம், அவர் தலையசைப்பார். நபிமார்க்கு உரிய இடத்தில் நாம் அமர்ந்துகொண்டதை நாமே கவனிக்கவில்லை.

நம் மரபில் இதற்கு மருந்து இல்லாமலில்லை. தர்ஸே நிஜாமி முறையில் ஓதியவர்கள் மன்திக் என்னும் தருக்கக் கலையை ஈஸாகோஜியில் தொடங்குவார்கள். அதன் உடன்பிறப்பாக முனாளரா என்னும் வாதக் கலை உண்டு. அதற்கு ரஷீதிய்யா போன்ற கிதாபுகள் உண்டு. முனாளராவில் ஒருவர் ஒரு கூற்றை நிறுவ முற்படுவார். எதிரே அமர்பவருக்கு "ஸாயில்", அதாவது கேட்பவர், என்று பெயர். அவருக்கு மூன்று உரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. உம் வாதத்தின் இந்தப் படிக்குச் சான்று என்ன என்று தடுத்துக் கேட்பது மன்உ. உம் சான்று சரியானால் இன்னோரிடத்திலும் அது செல்ல வேண்டும், அங்கே செல்லவில்லையே என்று முறித்துக் காட்டுவது நக்ளு. உம் முடிவுக்கு நேர்மாறான முடிவை வேறு சான்றால் நிறுவுவது முஆரளா. வாதத்தின் குறிக்கோள் வெற்றியன்று, உண்மை வெளிப்படுதலே என்பது அக்கலையின் முதற்பாடம். நாமும் இளமையில் இவற்றை ஓதினோம். சொற்களின் இலக்கணத்தை ஒப்பித்தோம், தேர்வில் தேறினோம். உயிருள்ள ஒரு கேள்வியின்மேல் அவற்றை ஒருமுறையேனும் செலுத்திப் பார்த்ததில்லை. கத்தியைத் தீட்டித் தீட்டி உறையிலேயே வைத்திருந்தோம்.

மலையிலிருந்து இறங்கிய மறுவாரம் வகுப்பில், "அன்று நாம் சொன்ன விடை விடையாகாது" என்று ஒப்புக்கொண்டோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கரும்பலகையில் "நம் தண்ணீரைக் கெடுத்தது டேனரி" என எழுதி, இதை நிறுவச் சிலரையும் ஸாயிலாக அமரச் சிலரையும் பிரித்து, மன்உ, நக்ளு, முஆரளா மூன்றையும் கதைபோலச் சொல்லிக் கொடுத்தோம். கையில் பிடித்து நீரில் தோய்த்தால் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்றும் வாங்கினோம். மலையிலிருந்து குப்பியில் கொண்டுவந்த நீரில் அது மூன்று இலக்கம் காட்டியது. தெருக்கிணற்று நீரில் நான்கு இலக்கம்.

நிறுவ வந்த அணியினர் முதல்நாளே வெற்றி முழக்கம் செய்தனர். குரோமியம் என்னும் நச்சு டேனரியிலிருந்து வருகிறது. அதனால் நீர் உப்பாயிற்று. பழங்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டபோது இந்தக் கேடு இல்லை. இதுவே அவர்கள் வாதம். கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கேட்டு எழுதிவந்த அழகான பத்தி ஒன்றும் அவர்கள் கையில் இருந்தது. அதைப் படித்து முடித்ததும் ஸாயிலாக இருந்த ஒருத்தி எழுந்து, "இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்றாள். ஹதீஸ் கலையில் நாம் ஸனது என்கிறோமே, அறிவிப்பாளர் தொடர், அதைத்தான் அவள் கேட்டாள். அந்தப் பத்திக்கு ஸனது இல்லை. புதிய கருவிகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவைக்க வேண்டும் என்போர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: கருவி வகுப்புக்குள் வந்ததனால்தான் இந்தக் கேள்வியும் வந்தது.

அடுத்து வந்தது நக்ளு. "குரோமியத்தால் நீர் கரிக்கிறது என்றால், இந்தக் கருவி குரோமியத்தையா காட்டுகிறது?" என்று இன்னொருத்தி கேட்டாள். எம்மிடம் விடையில்லை, அறிவியல் ஆசிரியையை அழைத்துவந்தோம். அவர் விளக்கியபின் எமக்கே கண் திறந்தது. கருவி காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்தத்தை. குரோமியத்தைத் தனியே காட்டாது. கரிப்பும் குரோமியமும் வெவ்வேறு வழிகளில் வருபவை. உரித்த பச்சைத்தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சாதாரண உப்பை அதன்மேல் தூவிப் பாடம் செய்கிறார்கள். டேனரிக்கு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு அத்தனையும் கழிவுநீரில் இறங்குகிறது. நீரைக் கரிக்கச் செய்வதில் பெரும்பங்கு அதற்கே. குரோமியம் அதன்பின் பதனிடும் கட்டத்தில் சேர்வது; தோல் ஏற்றுக்கொண்டதுபோக எஞ்சியது கழிவில் போகும். அதன் தீங்கு வேறு. அது நாவுக்குத் தெரியாதது.

ஆகவே, ஆவாரம்பட்டைக் காலம் மாசற்ற பொற்காலம் என்னும் கூற்றும் முறிந்தது. பட்டையால் பதனிடுவதற்கும் உப்பிட்ட தோல் வேண்டியிருந்ததே! மாறியது முக்கியமாக அளவும் வேகமும். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவிக்கும் கொள்கையை நடுவண் அரசு மேற்கொண்டது. வாரக்கணக்கில் குழியில் கிடந்த தோல், ஓரிரு நாளில் டிரம்மிலிருந்து வெளிவரலாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் பெயர் பெற்றன, வேலை பெருகியது, பாலாறு அதன் விலையைச் செலுத்தியது. முஆரளா செய்ய வந்த அணியினர் ஊர்ச் சாக்கடையையும் மணற்கொள்ளையையும் எடுத்துவைத்தனர். அவையும் பொய்யல்ல. இறுதியில் கரும்பலகையில் இருந்த ஒற்றை வரி ஏழெட்டு வரிகளாக நீண்டுவிட்டது. எம் மனத்துக்கு நிறைவளித்தது அந்த நீட்சியே.

ஒருநாள் வகுப்பு எம்மைக் கடந்து சென்றுவிட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினோம். டேனரிகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்கிறது. அதனோடு, தம் செயலால் சுற்றுப்புறத்துக்குத் தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரைச் சாரும் என்றும் கூறுகிறது.

இவ்விடத்தில் டேனரிக்காரரின் பேத்தி எழுந்தாள். மலையில் பேசாமல் நின்ற அதே பெண். "ஹஜ்ரத், வாதிப்பவர்தான் சான்று கொண்டுவர வேண்டும் என்று நீங்கள்தானே ஹதீஸ் பாடத்தில் சொன்னீர்கள்? இங்கே நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கிவிட்டதே?" என்றாள்.

இதைவிடச் சிறந்த ஸாயிலை ரஷீதிய்யாவின் உரையாசிரியர்களும் கண்டிருப்பார்களா என்று தோன்றியது. மறுநாள் பதில் சொல்வதாகத் தவணை வாங்கிக்கொண்டு, அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். உஸூல் நூல்களில் மஸ்லஹா எனப்படும் பொதுநலம் பற்றிய பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு வரும். தையற்காரர், சாயக்காரர் போன்ற கைவினைஞரிடம் மக்கள் தம் பொருளை நம்பிக் கொடுப்பார்கள். பொருள் காணாமற் போனால், அமானிதம் என்ற முறையில் அவர்மேல் பொறுப்பில்லை. கவனக்குறைவை நிறுவ வேண்டியவர் பொருளுக்குடையவரே. மூலவிதி அது. ஆயினும் நேர்வழி கலீஃபாக்கள் காலத்தில் கைவினைஞரையே பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தார்கள். இல்லையேல் மக்களின் பொருள் பாழாகும் என்பதை அலீ (ரலி) அவர்கள் காரணமாகக் காட்டியதாக நூலோர் எழுதுவர். கூடத்துக்குள் நடந்ததை அறிந்தவர் கைவினைஞர் ஒருவரே. வெளியில் நிற்பவர் சான்றுக்கு எங்கே போவார்?

மறுநாள் இதைச் சொன்னோம். பேத்தி விடவில்லை. "அப்படியானால் எல்லா டேனரியும் தவறு செய்ததாக ஆகுமா? கழிவைச் சுத்திகரித்தவர்களும் உண்டே?" என்றாள். நீதிமன்றம் வட்டாரத்தின் எல்லா டேனரிகளுக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்ததை அவளே குறித்துவைத்திருந்தாள். தன் பாட்டனாருக்காக அவள் வாதாடினாள். ஆனால் வாதத்தின் ஒழுங்கை ஓரிடத்தும் மீறவில்லை. அவளது கேள்விக்கு முழுமையான விடை எம்மிடம் இல்லை, அதை அவளிடம் மறைக்கவுமில்லை. வழக்கு அத்தோடு முடியவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் கண்காணிப்புக் குழுவும் வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஆறு, அதே முறையீடு!

செய்தி வீடுகளுக்குப் போகாமலிருக்குமா? பெற்றோர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். மரியாதை குறையாமல் ஸலாம் சொல்லி அமர்ந்தவர், "ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு மார்க் வாங்கச் சொல்லிக் கொடுங்கள். நம் சோற்றில் நாமே மண் அள்ளிப் போடச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இந்தத் தோல் இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தில் ஒரு மத்ரஸா உண்டா, ஒரு காலேஜ் உண்டா?" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்கும், 1924இல் ஆம்பூருக்கு அருகே காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமுக்கும் பின்னால் நின்றது தோல் வணிகர்களின் வள்ளன்மையே. எம் கல்வியும் அந்தச் சோற்றில் வளர்ந்ததுதான். காலணித் தொழிற்கூடங்களுக்குக் காலையில் வேன்களில் செல்லும் பெண்களின் கூலியில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை ஆம்பூர்க்காரர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவர் பேச்சில் ஒரு படிக்கு மன்உ சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டால் தொழில் அழியும் என்பதற்குச் சான்று எங்கே? கேட்காமலிருந்த ஆண்டுகளில் அழிந்தவை எவை என்பதற்கு ஆற்றங்கரைக் கிணறுகளே சான்று. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டார்களே, அந்தச் சுவர் தாங்குமா என்று முன்னரே கேட்கும் பழக்கமுடைய ஒருவர் அங்கே இருந்திருந்தால் எவர் சோற்றில் மண் விழுந்திருக்கும்?

இதையெல்லாம் அவரிடம் இவ்வளவு கூர்மையாகச் சொல்லவில்லை. "ஒருநாள் வகுப்புக்கு வந்து நீங்களே பேசுங்களேன்" என்றோம். அவர் வரவில்லை. வந்தவர் வேறொருவர், மலையில் கேள்வி கேட்ட பெண்ணின் தந்தையார். மகள்தான் வற்புறுத்தி அழைத்துவந்தாள். பள்ளிக்கூடம் என்பதற்காகச் சலவைச் சட்டை அணிந்து வந்திருந்தார். முதலில் நாற்காலியில் அமரவே கூச்சப்பட்டார். பேசத் தொடங்கியபின், இருபது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்த எமக்கும் வராத தெளிவோடு பாடம் நடத்தினார். தோல் எப்படி வரும், எது ஆட்டுத்தோல், எது மாட்டுத்தோல், உப்பு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்றெல்லாம் சொல்லி, "இப்போது நேராக ஊறப்போடுவதில்லை, முதலில் தோலை நன்றாக உதறி உப்பைப் பிரித்து எடுத்துவிடுகிறோம். அதனால் தண்ணீரில் இறங்கும் உப்பு குறையும்" என்று கைகளால் உதறியும் காட்டினார். பிள்ளைகள் மகிழ்ந்து போனார்கள்.

பேத்தி கையை உயர்த்தி, "உதறி எடுத்த உப்பை என்ன செய்வீர்கள், மாமா?" என்று கேட்டாள்.

அவர் சற்று நேரம் மகளைப் பார்த்தார். "கூடத்துக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கிறோம், அம்மா. வெயில் காலத்தில் ஒன்றுமில்லை. மழை வந்தால்..." என்று சொல்லி, அவ்வளவில் நிறுத்திக்கொண்டார்.